நிற்கும் படியும் நாடும் படியும்

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகின்றவர், சோதனைச் சாவடியைத் தாண்டியவுடன் மாநிலத்தை மட்டுமன்று, மாணவரை அளக்கும் கோலையும் மாற்றிக்கொள்ள வேண்டியவராகின்றார். கீழே தேனி மாவட்டத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து பாடம், 500 மதிப்பெண், பாடத்திற்கு 35 பெற்றால் தேர்ச்சி. மேலே இடுக்கியில் சான்றிதழ் எண்களைக் கூறாது. ஏ பிளஸ் முதல் இ வரை ஒன்பது படிகளையே கூறும். 2005ஆம் ஆண்டிலிருந்து கேரளத்தில் இம்முறை நடைபெறுகின்றது. பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் ஏலத்தோட்டங்களை நம்பிக் குடியேறிய நம் குடும்பங்கள், போடியிலுள்ள சித்தப்பா மகன் வாங்கிய 412ஐயும் நம் மகள் வாங்கிய மூன்று பி பிளஸ்களையும் ஒரே தராசில் நிறுக்க இயலாமல் திகைப்பது ஆண்டுதோறும் காணும் காட்சி.

எண்ணைப் படியாக்கியதன் நோக்கம் கருணை. ஒரு மதிப்பெண்ணில் ஒருவன் முதல்வன், மற்றவன் ஒன்றுமற்றவன் என்னும் கொடுமை அதனால் குறைந்தது. தமிழ்நாடும் 2017இல் முதலிடம் பெற்றோரை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. இவற்றை நாம் முழு மனத்துடன் வரவேற்கின்றோம். ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. அளவை மறைப்பது எப்போதும் கருணையாகுமா? ஊரார் பார்வையிலிருந்து மறைப்பது கருணை. பிள்ளையின் பார்வையிலிருந்தே மறைப்பது, வழிநடப்பவனிடம் தொலைவைச் சொல்லாது விடுவதை ஒக்கும்.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். கேரளத்தில் 100க்கான பாடத்தில் 20 தொடர் மதிப்பீட்டிற்கும், 80 எழுத்துத் தேர்விற்கும் உரியன. கணிதத்தில் ஒரு பிள்ளைக்குத் தொடர் மதிப்பீட்டில் 18, கிறிஸ்துமஸ் தேர்வில் 80க்கு 30 என்று கொள்வோம். கூட்டினால் 48, அதாவது சி. அவள் நாடுவது பி பிளஸ்; அதற்கு 70 வேண்டும். எனில் மார்ச்சில் அவள் எழுத்தில் பெற வேண்டியது 52. "சி, பி பிளஸ்" என்னும் இரண்டு பெயர்களை மட்டும் அறிந்த பிள்ளைக்கு இடையே இருப்பது மூடுபனி. 30, 52 என்பவற்றை அறிந்தவளுக்கு இடையே இருப்பது 22 மதிப்பெண்; அது இன்ன பாடப்பகுதி, இத்தனை நாள் உழைப்பு என்று பிரிக்கத்தக்கது. அந்த எண்ணோ விடைத்தாளிலேயே இருக்கின்றது. வீட்டில் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர்தாம் அரியர்.

இதே கணக்கிற்கு மறுபுறமும் உண்டு. தொடர் மதிப்பீட்டில் முழுமையாக 20ஐயும் அள்ளிக் கொடுத்துவிட்டால், தேறுவதற்குரிய 30ஐ எட்ட எழுத்தில் 80க்கு 10 போதும். 2025இல் கேரளத்தில் பத்தாம் வகுப்பில் தேறியோர் 99.5 விழுக்காட்டினர். அவர்களுள் எத்தனை பேர் தாம் உண்மையில் நிற்கும் இடத்தை அறிவர்? அரசே இதை உணர்ந்தது போலும். எழுத்துத் தேர்வில் பாடந்தோறும் 30 விழுக்காடு வேண்டும் என்று 2024இல் முடிவு செய்து, எட்டாம் வகுப்பில் தொடங்கி, அதை எட்டாதோர்க்கு 2025 ஏப்ரலில் தனி வகுப்பும் மறுதேர்வும் நடத்தியது.

வள்ளுவர் வலியறிதலை 48ஆம் அதிகாரமாகவும் ஊக்கமுடைமையை 60ஆம் அதிகாரமாகவும் வைத்தார். ஒன்று தன் ஆற்றலை நிறுத்துப் பார்க்கச் சொல்வது. மற்றொன்று உள்ளத்தை உயர்த்தச் சொல்வது. நம் இல்லங்களில் முன்னதைத் தாண்டி நேரே பின்னதற்குச் சென்றுவிடுகின்றோம். "ஏ பிளஸ் வாங்கியே தீர வேண்டும்" என்னும் சொல், நிறுத்துப் பாராத சுமையைப் பிறர் தோளில் ஏற்றுவது. இதற்கு எதிரான குற்றமும் உண்டு. "தோட்டத்துப் பிள்ளைதானே, டி பிளஸ் போதும்" என்பது இன்றைய நிலையையே நாளைய விதியாக்குவது. இரண்டினும் இதையே கொடியதென்போம். முன்னதில் பிழையான நம்பிக்கையேனும் இருக்கின்றது.

ஏலக்காயைச் சல்லடையில் இட்டுப் பருமன் பார்த்து, ஒரு லிட்டரின் எடை பார்த்துத் தரம் பிரிப்பதை நாம் நாளும் காண்கின்றோம். அது பறித்து உலர்த்திய காய், இனி வளராது. செடியை அவ்வாறு எவரும் அளப்பதில்லை. நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கும் என்று அறிந்த தோட்டக்காரர், முதலாண்டில் உயரத்தைப் பார்ப்பது விலை கூறுவதற்கன்று, உரமும் நிழலும் எவ்வளவு தேவை என்று அறிவதற்கே. பத்தாம் வகுப்புப் பிள்ளை செடியா, காயா என்பதில்தான் நம்முள் பலர் தடுமாறுகின்றனர்.

கிறிஸ்துமஸ் தேர்வுக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் தோட்டங்களில் கடைசிப் பறிப்புகளும் வருகின்றன. தாயும் தந்தையும் இருட்டிய பின்னரே திரும்புவர். ஆகவே அந்த 22 மதிப்பெண்ணுக்குத் திட்டமிடும் தாளில் பாடப்பகுதிகளின் பெயர்களோடு, மாலையில் தண்ணீர் எடுப்பது யார், தம்பியைப் பார்த்துக்கொள்வது யார், அடுப்பை மூட்டுவது யார் என்பவையும் எழுதப்பட்டாக வேண்டும்.