வழிபாட்டில் விலக்கியதும் வகுப்பில் கற்பதும்

யோம் கிப்பூர் எனப்படும் பாவநிவிர்த்தி நாள் யூதர்தம் ஆண்டில் மிகப் புனிதமான நாளாகும். அந்நாளின் பிற்பகல் வழிபாட்டில் லேவியராகமத்தின் பதினெட்டாம் அதிகாரத்தை வாசித்தல் தால்முத் காலந்தொட்டு வரும் வழக்கம். தகாத பாலுறவுகளை வரிசைப்படுத்தி விலக்கும் அவ்வதிகாரத்துள், ஆணும் ஆணும் கூடுதலை அருவருப்பு எனச் சுட்டும் விதியும் உண்டு. அமெரிக்கச் சீர்திருத்த யூத இயக்கம் 1978இல் வெளியிட்ட வழிபாட்டு நூலிலோ, இவ்விடத்தில் பத்தொன்பதாம் அதிகாரப் பகுதிகளே இடம்பெற்றுள்ளன. கூலியாளின் ஊதியத்தை விடியுமளவும் வைத்துக்கொள்ளாமை, முதியோரை மதித்தல், பிறனைத் தன்னைப்போல் நேசித்தல் முதலிய அறங்களைக் கூறும் பகுதி அது.

இம்மாற்றம் பொருத்தமானதா என்பது ஒரு வினா. அதனினும் கடினமான வினா ஒன்று அதன்பின் நிற்கிறது. வழிபாட்டில் வாசிக்காது விடுத்த பகுதிக்கு ஒரு சமுதாயம் ஏதேனும் கடன்பட்டுள்ளதா? முற்போக்கு ஜெப ஆலயங்களில் நிகழும் முதியோர் கல்வியின் அறத்தன்மையை இவ்வினா வழியாகவே விளங்கிக்கொள்ள இயலும். முதியோர் கல்வி எனும்போது எழுத்தறிவு இயக்கம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஈண்டு அது குறிப்பது, பிற துறைகளில் நன்கு கற்ற பெரியவர்கள் தம் சமய நூல்களை உரைகளோடு கூடியிருந்து பயில்வதையே.

1885இல் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய சீர்திருத்த ரபிகள், உணவு, உடை, குருமார் தூய்மை பற்றிய விதிகள் இக்காலத்தாரைக் கட்டுப்படுத்தா என அறிவித்தனர். அறவிதிகளை மட்டுமே அவர்கள் கைக்கொண்டனர். 1976இல் அவ்வியக்கத்து ரபிகள் ஏற்ற அறிக்கை சற்று வேறு நிலையிலிருந்து பேசுகிறது. மரபின் கோரிக்கையைத் தனிமனிதர் நேர்நின்று எதிர்கொள்ள வேண்டும். எதை ஏற்பது என்பதை ஈடுபாட்டோடும் அறிவோடும் தாமே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. விதிக்குப் பணிபவருக்கு விதி தெரிந்தால் போதும். விதியைத் தேர்பவரோ தாம் விடுவதையும் அறிந்திருக்க வேண்டியவராகிறார். ஆகவே கட்டளைக்குக் கட்டுப்பட்டவரைவிட உரிமை பெற்றவருக்கே கற்கும் கடமை மிகுதி எனலாம். தளர்வான சமயம் என்று முற்போக்கு யூதத்தைக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

அறிந்தவரே தேர்தற்குரியர் எனின், அறியாதவர் நிலை யாது? பதின்மூன்றாம் வயதுச் சடங்கோடு சமயக் கல்வியை நிறுத்தியவர் பலர். ஓய்வும் கல்வியும் வாய்த்தோர் மட்டுமே தேர்வுரிமை உடையர் எனில், பழைய குருமார் இடத்தில் புதிய கற்றோர் குழு ஒன்று அமர்ந்துவிடும். இச்சிக்கலுக்கு விடை தேடியவருள் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் முதன்மையானவர். 1886இல் பிறந்த அவர், 1913இல் கிறித்தவம் தழுவ முடிவு செய்து, பின்னர் அம்முடிவைக் கைவிட்டு யூதராகவே நிலைத்தவர். 1920இல் ஃபிராங்ஃபர்ட் நகரில் அவர் தலைமையில் யூதக் கல்வியகம் ஒன்று தொடங்கியது. நூலிலிருந்து வாழ்க்கைக்குச் செல்வது பழைய கல்வி. வாழ்க்கையிலிருந்து, நூலை அறியாத புறவெளியிலிருந்தே, நூலை நோக்கி வருவது புதிய கல்வி என்று அவர் கருதினார். அங்கு வேதியியலாரும் மருத்துவரும் பாடம் நடத்தினர். தாமும் கற்பவராக இருத்தலே அவர்களுக்குரிய தகுதியாயிற்று.

இதே பத்தாண்டில் பம்பாயிலும் இதனோடு ஒப்பிடத்தக்க முயற்சி ஒன்று நிகழ்ந்தது. பெனே இஸ்ரேல் சமுதாயத்தவரான மருத்துவர் ஜெருஷா ஜிராத், இலண்டனில் பயின்றபோது தாராள யூதத்தோடு தொடர்பு கொண்டவர். அவர் 1925இல் அந்நகரில் யூத சமய ஒன்றியத்தை நிறுவினார். ரபியல்லாத ஒரு பெண் சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த செய்தி இந்தியச் சமய வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை.

அறியாமை தடையன்று என ரோசன்ஸ்வைக் காட்டினார். எனினும், அறிந்துவிட்டோம் என்னும் எண்ணம் பெருந்தடையாகும். முற்போக்குக் கற்பவர் பெரும்பாலும் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே நூலைத் திறக்கிறார். தம் மனச்சான்றுக்கு இசைந்த வரிகளைப் பொறுக்கி, இசையாதவற்றைப் பழங்காலத்தின் எச்சம் என ஒதுக்குகிறார். அவ்வாறு பயில்பவருக்கு நூல் கண்ணாடியாகிவிடுகிறது. தம் முகத்தையன்றி வேறெதையும் அவர் அதில் காண்பதில்லை.

இதற்கு மாறானதொரு வாசிப்பு மரபிலேயே உண்டு. பெற்றோர் சொற்கேளாத முரட்டு மகனை ஊரார் கல்லெறிந்து கொல்லவேண்டும் என்பது உபாகமம் இருபத்தொன்றாம் அதிகாரம் கூறும் விதி. மிஷ்னா இதற்கு நிபந்தனைமேல் நிபந்தனை சேர்க்கிறது. தாய் தந்தை இருவரும் உடன்பட வேண்டும். அவர்களுள் ஒருவர் முடவராகவோ பார்வையற்றவராகவோ இருத்தல் கூடாது. தாயும் தந்தையும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒத்திருக்க வேண்டும் என்கிறார் ரபி யெஹூதா. விதியின் ஒவ்வொரு சொல்லையும் மதித்தே விதியை நிறைவேற்ற முடியாததாக்கிவிடுகின்றனர் உரைகாரர். அத்தகைய மகன் ஒருவன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்னும் கருத்தைத் தால்முத் பதிவு செய்கிறது. எனின் அவ்விதி எழுதப்பட்டது எதற்கு? ஆராய்ந்து கற்றுப் பயன் பெறுதற்கு என்பதே அங்குத் தரப்படும் விடை.

மூலத்தை நீக்காது, அதற்குப் பணியாது, அதனோடு நெடிது வழக்காடும் இம்முறை முதியோர் கல்விக்கு உரிய முறையாகும். வழிபாடு ஒருமித்த குரலில் நிகழ்வது. ஆங்கு மறுப்புக்கு இடமில்லை. ஆகவே சில பகுதிகளை வழிபாட்டில் விடுத்தல் ஏற்கத்தக்கதே. ஆனால் இருவர் எதிரெதிர் அமர்ந்து உரக்கப் படித்து வாதிடும் ஹெவ்ருதா முறையில் மறுப்பே கல்வியாகிறது. வழிபாட்டில் விடுத்த பகுதியை அங்கும் விடுத்தால், தேர்வு என்பது மறதியாகிவிடும்.

ஆயினும் இக்கடமை அனைவர்க்கும் ஒரே விலை உடையதன்று. லேவியராகம விதியைக் காட்டி வீட்டாரால் ஒதுக்கப்பட்ட ஒருவர் அவ்வகுப்பில் இருக்கக்கூடும். ஏனையோர்க்கு அவ்வரி ஆராய்ச்சிப் பொருள். அவருக்கோ ஆறாத புண். அவரை மீண்டும் அதனை வாசிக்கச் சொல்லுதல் அறமாகாது. காயம்படாதவரே அதனை முதற்கண் கற்கக் கடமைப்பட்டவர். காயம்பட்டவருக்கு எழுந்து செல்லும் உரிமை உண்டு. பேச விரும்பின், அவர் சொல்லை உரைகளுள் ஒன்றாகவே கேட்டல் வேண்டும்.

அதற்கும் தால்முத் இடம் வைத்துள்ளது. முரட்டு மகன் இருந்ததே இல்லை என்ற அப்பகுதியிலேயே ரபி யோனத்தானின் கூற்றும் இடம்பெறுகிறது. தாம் அத்தகைய மகனைக் கண்டதாகவும் அவன் கல்லறைமேல் அமர்ந்திருந்ததாகவும் அவர் கூறுகிறார். அக்கூற்றைத் தொகுத்தோர் நீக்கவில்லை. முந்தைய கருத்தோடு இசைவிக்கவும் இல்லை. உடனே அடுத்த வாதம் தொடங்கிவிடுகிறது.