கோடும் கோடரியும்

கரும்பலகையில் நாட்டுப்படம் வரைகிறோம். கோடொன்று கிழித்து, "இதுவே எல்லை" என்கிறோம். மாணவர் ஒப்புகின்றனர். ஆறு ஒப்புமா? மண் ஒப்புமா?

ஒப்பவில்லை, கலிபோர்னியாவின் ரெட்வுட் சிற்றாறு! முந்நூறு அடிக்கும் மேல் ஓங்கி, ஈராயிரம் ஆண்டும் வாழவல்லவை ரெட்வுட் மரங்கள். அவற்றைக் காக்க 1968-இல் சட்டம் பிறந்தது. 58,000 ஏக்கரில் தேசியப் பூங்கா அமைந்தது. ஆனால், வானளாவிய மரங்கள் நின்ற அந்த ஆற்றோரத்தில் காவல் பெற்றதோ ஒடுங்கிய நீள்துண்டு ஒன்றே. 'புழு' என்றே அதற்குப் பெயரிட்டனர்! சுற்றியிருந்த மலைச்சரிவுகளை மரக் கம்பெனிகள் மொட்டையடித்தன. மழை பெய்தது, மண் சரிந்தது, வண்டல் ஆற்றில் நிறைந்தது, காவலுக்குள் நின்ற மரங்களுக்கே ஆபத்து வந்தது. கோட்டுக்கு உள்ளே சட்டம், வெளியே கோடரி!

எனவே, எல்லையை விரிக்க மசோதா வந்தது. அறம் வென்றதென்று கைதட்டிவிடலாமா? பொறுங்கள், தோழர்களே!

1977-இல் லாரிகள் அணிவகுத்து வாஷிங்டன் சென்றன. சென்றோர், மரம் வெட்டிப் பிழைத்தோர். ரெட்வுட் மரத்தில் மாபெரும் நிலக்கடலை ஒன்றைச் செதுக்கி, கடலை விவசாயியான குடியரசுத் தலைவர் கார்ட்டருக்குப் பரிசாகக் கொண்டுசென்றனர். ஆங்கிலத்தில் அற்பமானதைக் 'கடலை' என்பர். உமக்கு அற்பம், எமக்கோ வேலை என்பதே அப்பரிசின் பொருள். வெள்ளை மாளிகை அதை ஏற்கவில்லை.

நாளைய தலைமுறையின் மரத்துக்காக, இன்றைய தொழிலாளியின் பிள்ளை பட்டினி கிடப்பதா? இக்கேள்வி நம்மை உறுத்துகிறது, உறுத்தவேண்டும். ஆயினும், வெட்டிக்கொண்டே போனால் முதுமரம் தீரும். அன்று வேலையும் தீரும். ஆகவே மரமும் தொழிலாளியும் பகைவர் அல்லர். காடு காக்கப்பட்டால் பயன் யாருக்கு? நாடு முழுமைக்கும், இன்னும் பிறவாதோர்க்கும்! பயன் அனைவர்க்குமெனில், சுமையை ஒரு சிற்றூரின் தோளில் மட்டும் ஏற்றுவது எவ்வகை நீதி?

1978 மார்ச் 27-இல் நிறைவேறிய சட்டம் இந்நீதியை ஓரளவு உணர்ந்தது. 48,000 ஏக்கரைப் பூங்காவோடு சேர்த்தது. பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்ட நிலம். புண்பட்ட அம்மண்ணைச் சீராக்க 3 கோடியே 30 இலட்சம் டாலர் வரை செலவிட இசைந்தது. வேலை இழந்தோர்க்கு உதவித்தொகைக்கும் பயிற்சிக்கும் வழிசெய்தது.

போதுமா? போதாது! உதவித்தொகை அடுப்பை எரிக்கும்; உழைத்து உண்டவன் பெருமிதத்தை மீட்டுத் தராது. திரும்பி வந்த அந்தக் கடலை, ஆரிக் என்னும் சிற்றூரின் சாலையோரத்தில் நெடுங்காலம் கிடந்தது.

காட்டைக் காக்கச் சட்டம் வேண்டும். எல்லை விரியவும் வேண்டும். ஐயமில்லை. ஆனால், கோடு கிழிக்கும் கரங்களே! உள்ளே எத்தனை மரங்கள் என எண்ணும்போதே, அக்கோடு எத்தனை அடுப்புகளின் மீது செல்கிறது என்பதையும் எண்ணுங்கள். இரண்டையும் எண்ணும் சட்டமே அறம்!