முதியோர் பேணலும் அஹிம்சையும்



நம் சிற்றூர்களில் பல வீடுகளில் இன்று முதியோர் மட்டுமே வாழ்கின்றனர். மக்கள் பணி நிமித்தம் நகரங்களிலும் அயல்நாடுகளிலும் இருக்கின்றனர். தனித்திருக்கும் தாய் ஒருநாள் வழுக்கி விழுந்து, தூக்கி எழுப்புவாரின்றிக் கிடந்த பின்னர், அவரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது அறமா, பாவமா என்னும் வினா எழுகின்றது.

உமாஸ்வாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதன் வேராகக் காட்டுகின்றார். ஆதலின், வீட்டிலேயே வைத்திருந்தமையால் மட்டும் ஒருவர் குற்றமற்றவர் ஆகார். இல்லத்தில் சேர்த்தமையால் மட்டும் குற்றவாளியும் ஆகார். எத்துணை விழிப்புடன் பேணினோம் என்பதே கேள்வி.

அதே அத்தியாயம் அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவை ஆடுமாடுகளைப் பற்றியவை என்று எண்ணி நாம் கடந்து விடுகின்றோம்.

ஓர் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். கதிரவன் மறைந்தபின் உண்டறியார்; வடிகட்டாத நீரைப் பருகியறியார்; கிழங்கு வகைகளைத் தொட்டறியார். அவர் சேர்ந்த இல்லத்திலோ இரவு எட்டு மணிக்குத்தான் உணவு. அவர் எவரிடமும் ஒன்றும் கூறாமல் மறுநாட் காலைவரை பட்டினி கிடக்கின்றார். "உங்கள் அம்மாவுக்கு இரவில் பசிப்பதில்லை" என்று இல்லத்தார் தொலைபேசியில் கூறுகின்றனர், மகனும் நம்பிவிடுகின்றான். உணவைத் தடுத்தவர் யார்? முன்னரே சென்று ஒரு சொல் சொல்லி வைக்காத மகனன்றோ!

நினைவு தடுமாறிய முதியோரைக் கட்டிலோடு பிணைப்பது முதல் அதிசாரம். அவ்வழக்கம் அங்கு உண்டா என வினவாமல் சேர்த்தல் தகாது. "கோயிலுக்குப் போய் வருவோம்" என்று கூறி அழைத்துச் சென்று விட்டுவருவது சத்திய விரதத்திற்கே இழுக்கு. இடத்தை முன்னரே காட்டுங்கள். அவர்தம் விருப்பத்தைக் கேளுங்கள். மறுத்தால் வேறு வழி தேடுங்கள்.

2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், முதியோரைக் கைவிடுவோர்க்கு 3 மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடந்தருகின்றது. ஆயின் இல்லத்தில் சேர்த்துக் கட்டணம் செலுத்திவிட்டு மறந்துபோகும் மகனைச் சட்டம் என் செய்யும்? வினை அவனை விடாது.

அகத்தவம் ஆறனுள் மூன்றாவதாகிய வையாவிருத்தியம் நோயுற்ற துறவியர்க்கும் செய்யும் தொண்டாகும். இல்லறத்தார்க்கு அத்தொண்டு பெற்றோரிடத்தே தொடங்குகின்றது. எனவே, தாயின் துணிமணிகளோடு நீர் வடிகட்டும் துணியும், ஜபமாலையும், ஜினர் திருவுருவப் படமும் செல்லட்டும். அவர் உண்ணும் வேளையும் விலக்கும் உணவுகளும் சமையற்கூடத்தில் எழுதிக் கொடுக்கப்படட்டும். அட்டமி, சதுர்த்தசி நாட்களில் இயன்றபோதெல்லாம் நேரிற் சென்று, ஜினாலய தரிசனத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். வீடு மாறலாம், அவர் வாழ்நாளெல்லாம் காத்த விரதம் நம்மால் முறிதல் கூடாது.

அறம் வளர்க! அஹிம்சை ஓங்குக!