உடைமைப் பட்டியலில் உயிர்கள்

இறந்தவரின் உடைமைகளை எண்ணி, விலை மதித்து, உரியவர்களுக்குப் பங்கிட்டுத் தருதல் அறத்தோடு பொருந்திய செயல் என்றே நாம் கருதுகிறோம். கடன் கொடுத்தவரும், கைம்பெண்ணும், தந்தையை இழந்த பிள்ளைகளும் ஏமாற்றப்படாமல் காக்கும் முறை அது. இத்தகைய நேர்மையான செயலே பெரும் பாவத்திற்குக் கருவியாகவும் அமையக்கூடுமா? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துப் பழைய நீதிமன்ற ஏடுகளை முன்னிட்டு இவ்வினாவைச் சிறிது சிந்திப்போம்.

அங்கே புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் இறந்தால், கவுண்டி நீதிமன்றம் அண்டை அயலார் சிலரை மதிப்பீட்டாளராக நியமிக்கும். அவர்கள் உறுதிமொழி கூறி, அறை அறையாகவும் கொட்டில் கொட்டிலாகவும் சென்று பட்டியல் எழுதுவர். கட்டில், செப்புப் பாத்திரம், ஏர், பசு, குதிரை என வரும் அதே ஏட்டில் ஆண்கள், பெண்கள், குழந்தைகளின் பெயர்களும் விலையோடு வரும். குடும்பப் பெயர் பெரும்பாலும் இராது. பால்குடி மறவாத மகவு தாயோடு ஒரே வரியில் அடங்கிவிடும். உழைக்கும் ஆற்றல் போன முதியவர் எதிரே சுழியம் இடப்பட்டிருக்கும். எழுதியவர்கள் கொடியவர்கள் என்று சொல்வதற்கில்லை. கணக்குப் பிசகாமல் எழுதியவர்கள், அவ்வளவே.

கஸ்டிஸ் என்னும் பெருங்குடும்பத்தின் வழியை இவ்வேடுகளில் தொடர்ந்து செல்லலாம். டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757இல் உயில் எழுதாமலே இறந்தார். அந்நாட்டுச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அவருடைய மனைவி மார்த்தாவுக்கு வந்தது. அதனை ஆயுள் உள்ளளவும் அனுபவிக்கலாம். விற்கவோ, விடுவிக்கவோ உரிமையில்லை. அவருக்குப் பின் கஸ்டிஸ் வாரிசுகளையே அது சேரவேண்டும். இவ்வாறு வந்த பங்கில் 80க்கும் மேற்பட்ட மனிதர்கள் இருந்தனர். இந்த மார்த்தாவைத்தான் 1759இல் ஜார்ஜ் வாஷிங்டன் மணந்தார்; அவரும் 11 வயதிலேயே தம் தந்தையின் உயிலால் பத்து அடிமைகளுக்கு உரிமையாளரானவர்.

வர்ஜீனியாவின் 1662ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று வகுத்திருந்தது. தந்தை யாராயினும் அடிமைத் தாயின் பிள்ளை அடிமையே. ஆகவே விதவைப் பங்கு, வட்டியைப் போல, தானே பெருகிற்று. 1799இல் வாஷிங்டன் எழுதிய பட்டியலில் 317 பெயர்கள் உள்ளன. அவருக்கே உரியவர் 123 பேர். கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்தவர் 153 பேர். எஞ்சியோர் பெரும்பாலும் பிறரிடமிருந்து வாடகைக்கு அமர்த்தப்பட்டவர்.

அவ்வாண்டு ஜூலையில் எழுதிய உயிலில் வாஷிங்டன் தம் அடிமைகளை விடுவித்தார். ஆயினும் அது தம் மனைவியின் மறைவுக்குப் பின்னரே நடைபெற வேண்டும் என்றார். வில்லியம் லீ என்னும் ஒருவர் மட்டும் உடனே விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும் பெற்றார். டிசம்பரில் வாஷிங்டன் மறைந்தார். தம் மரணத்தால் விடுதலை பெறவிருப்போர் நடுவே வாழ மார்த்தா அஞ்சினார் என்று, அவரைக் கண்டுவந்த அபிகேல் ஆடம்ஸ் கடிதம் ஒன்றில் எழுதினார். 1801 ஜனவரி முதல் நாளிலேயே மார்த்தா அவர்களை விடுவித்தார். ஐசக் என்ற தச்சர் அவ்வாறு விடுதலை பெற்றார். அவருடைய மனைவி கிட்டியும் மகள்களும் கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு விடுதலை இல்லை. 1802இல் மார்த்தா இறந்தபோது, பேரப்பிள்ளைகள் நால்வர் அப்பங்கைப் பிரித்துக்கொண்டனர். பங்கு சமமாக வரவேண்டுமே! அதற்காகக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன.

சட்டத்தால் கை கட்டப்பட்டிருந்தது என்று மார்த்தாவுக்காக வாதிடுவோர் உண்டு. 153 பேரைப் பொறுத்தவரை அவ்வாதம் நிற்கும். ஆனால் எலிஷ் என்பவர் ஒருவர் மட்டும் அவருக்கே முழு உரிமையாய் இருந்தார். விரும்பினால் விடுவிக்க 1782ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. மார்த்தாவோ தம் உயிலில் எலிஷைப் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸுக்கு எழுதி வைத்தார். அந்த ஒரு வரியைப் படித்தபின், சட்டத்தின்மேல் பழி போடுதல் நமக்கு எளிதாயில்லை.

பட்டியலுக்கு உடன்படாதவர்களும் இருந்தனர். ஓனா ஜட்ஜ் என்னும் பெண் கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்தவர். மார்த்தாவின் பேத்திக்குத் தம்மைக் கொடுக்கப்போகிறார்கள் என்றறிந்து, 1796 மே மாதம் பிலடெல்பியாவில் எசமானர் உணவருந்திக் கொண்டிருந்தபோது வெளியேறி, நியூ ஹாம்ப்ஷயர் சென்று சேர்ந்தார். 1848இல் இறக்கும்வரை, சட்டத்தின் கண்ணில் அவர் கஸ்டிஸ் வாரிசுகளின் உடைமையே. அவர் பெற்ற பிள்ளைகளும் அவ்வாறே.

வினையைச் செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என மூவகையாகப் பகுப்பது நம் மரபு. சாட்டை எடுத்தவன் முதல் வகை. எடுக்கச் சொன்னவன் இரண்டாம் வகை. எழுதுகோல் மட்டுமே எடுத்த மதிப்பீட்டாளரும், பங்கைப் பெற்றுக்கொண்ட பேத்திகளும் மூன்றாம் வகையினின்று தப்புவார்களா? தப்பமாட்டார்கள் என்பதே எம் கருத்து. ஆனால் இதனைப் பிறர் குற்றமாக மட்டும் பேசிவிட முடியாது. தத்துவார்த்த சூத்திரம், பொருளுக்கு அளவு வரையறுக்கும் விரதத்தின் அதிசாரங்களைக் கூறுமிடத்தில், நிலம், வீடு, வெள்ளி, பொன், தனம், தானியம் இவற்றோடு தாசியரையும் தாசரையும் சேர்த்தே எண்ணுகிறது. அளவை மீறாதே என்பது அங்கே கட்டளை. மனிதரை அந்த வரிசையில் வைக்கலாமா என்ற வினா அங்கே எழவில்லை. நாம் அதனை எழுப்பத்தான் வேண்டும்.

பேரன் கஸ்டிஸ் 1857இல் ஆர்லிங்டனில் இறந்தார். ஏறத்தாழ 200 அடிமைகளை ஐந்தாண்டுகளுக்கு மேற்படாமல் விடுவிக்கவேண்டும் என்பது அவர் உயில். அதே உயில், பேத்தியர் நால்வருக்கும் தலைக்குப் பத்தாயிரம் டாலர் தருமாறும் கூறியது. பணம் எங்கிருந்து வரும்? விடுதலை பெறவேண்டியவர்களின் உழைப்பிலிருந்துதான். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மருமகன் ராபர்ட் ஈ. லீயிடம் இருந்தது. அவர் ஐந்தாண்டையும் முழுமையாக எடுத்துக்கொண்டார். எசமானர் இறந்தவுடன் விடுதலை என்று நம்பியிருந்த வெஸ்லி நாரிஸ் 1859இல் ஓடிப் பிடிபட்டார். லீயின் ஆணைப்படி தமக்குக் கசையடி விழுந்ததை 1866இல் அவர் வாக்குமூலமாகக் கூறியுள்ளார். விடுதலைப் பத்திரம் 1862 டிசம்பர் 29இல் பதிவாயிற்று. லிங்கனின் விடுதலைப் பிரகடனத்திற்கு மூன்று நாள் முன்பு.

இன்று கறுப்பின மக்கள் தம் முன்னோரைத் தேடும்போது, விலை எழுதிய இந்த ஏடுகளையே நாடவேண்டியுள்ளது. 1850, 1860ஆம் ஆண்டு அடிமைக் கணக்கெடுப்புகளில் வயதும் பாலும் நிறமும் உண்டு, பெயர் கிடையாது. 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோர் பெயரோடு தோன்றுகின்றனர். அதற்கு முன்பு அவர்கள் பெயரைக் காத்து வைத்தவை, விற்பதற்காகவும் பங்கிடுவதற்காகவும் எழுதிய பட்டியல்களே.

அப்பட்டியல்களும் மறைத்தவை உண்டு. அரியானா கார்ட்டர் என்னும் அடிமைப் பெண்ணிடம் பேரன் கஸ்டிஸுக்கு ஒரு மகள் பிறந்தாள், பெயர் மரியா. அவளை விடுவித்து, ஆர்லிங்டனில் 17 ஏக்கர் நிலமும் கொடுத்த கஸ்டிஸ், அதற்குப் பத்திரம் எழுதித் தரவில்லை. உள்நாட்டுப் போரில் அரசு ஆர்லிங்டனை எடுத்துக்கொண்டபோது அந்நிலமும் போயிற்று. மரியா சைபாக்ஸ் முறையிட, 1866இல் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி அதை அவருக்குத் திருப்பித் தந்தது. ஆர்லிங்டன் மாளிகையைப் பராமரிக்கும் தேசியப் பூங்காத் துறை, மரியா கஸ்டிஸின் மகளே என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது 2016இல்.