அக்கா எழுதிக்கொடுத்த விடுதலை



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் புறப்பட்ட பிறகு, நம் சபைச் சகோதரி ஒருவர் தயங்கித் தயங்கி நின்றார்கள். "பாஸ்டர், அப்பா சொத்துல எனக்குப் பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லி தம்பிமார் கூப்பிடுறாங்க. கையெழுத்துப் போடலேன்னா நான் அன்பில்லாதவளாயிடுவேனா?" என்று கேட்டார்கள். நம் கூட்டங்களில் விடுதலை என்றால் வியாதியிலிருந்தும் பிசாசின் கட்டிலிருந்தும் கிடைக்கிற விடுதலை. ரிஜிஸ்டர் ஆபீஸில் விடுதலை என்றால், கூட்டுச் சொத்தில் தனக்குள்ள பாத்தியதையை மற்றப் பங்காளிகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. முந்தின நாட்களாயிருந்தால் ஒரு வசனம் சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பியிருப்பேன். அன்றைக்கு என் வாயில் வார்த்தை வரவில்லை. ஏன் என்று சபைக்குச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் அம்மா முன்னமே நித்திரையடைந்துவிட்டார்கள். அப்பா 2011-ல் உயில் எழுதாமல் மரித்தார். மிச்சம் இருந்தது 60 சென்ட் நஞ்சை. பிள்ளைகள் அண்ணன், அக்கா, நான் என்று மூன்று பேர். மறு வருஷம் அண்ணனும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். பேசியது பெரும்பாலும் நான்தான். பைபிள் காலேஜ் டிப்ளமா வாங்கினவன் அல்லவா! 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து, சகோதரனோடு வழக்காடுவதைவிட அநியாயத்தைச் சகித்துக்கொள்வது மேல் என்று பவுல் சொல்வதை விளக்கினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, உங்க இஷ்டம்" என்றாள். அவள் கல்யாணத்துக்குப் போட்ட 12 பவுனையும் அண்ணன் ஞாபகப்படுத்தினான். அப்போது நாங்கள் இரட்சிக்கப்படவில்லை. இப்போது எங்கள் வீட்டில் யாரும் நகை போடுவதில்லை, ஆனால் அவளுக்குப் போட்ட நகையின் கணக்கு மட்டும் எங்களுக்கு மறக்கவில்லை.

பத்திரம் எழுதுகிறவர் "பூரண சம்மதத்துடன்" என்று எழுதினார். பதிவின்போது அதிகாரி, "சம்மதந்தானாம்மா?" என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். அந்தப் பார்வை எனக்கு மறக்கவே இல்லை.

இனிமேல்தான் உங்களுக்கும் சம்பந்தம் வருகிறது. அண்ணனுக்கு 30 சென்ட், எனக்கு 30 சென்ட் வந்தது. 2014-ல் என் பங்கை விற்றுத்தான் நாம் ஆராதிக்கிற இந்த இடத்துக்கு முன்பணம் கொடுத்தேன். "பாஸ்டர் சொந்த நிலத்தை விற்று சபை கட்டினார்" என்று எத்தனையோ பேர் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். நானும் தலைகுனிந்து ஸ்தோத்திரம் சொல்லி ஏற்றுக்கொண்டேன். அதில் 10 சென்ட் அக்காவுடையது.

சட்டம் அறிந்த ஒரு சகோதரன் பிற்பாடு எனக்கு விளக்கினார். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் இல்லாமல் மரித்த கிறிஸ்தவனுடைய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு. அப்பா உயிரோடிருக்கையில் மகளுக்குக் கொடுத்ததை அந்தப் பங்கில் கழிக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படியானால் 12 பவுன் பேச்சுக்கே இடமில்லை. பழைய திருவிதாங்கூரில் 1916-ஆம் வருஷத்துச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத்தான் கொடுத்தது. மேரி ராய் என்ற தாயார் உச்சநீதிமன்றம் வரை போய் 1986-ல் தீர்ப்பு வாங்கின பிறகே அது ஒழிந்தது. "நீ வேதத்துக்குப் போயிட்டே, உனக்குப் பங்கில்லை" என்று சொல்லப்பட்டவர்களும் நம் சபையில் இருக்கிறீர்கள். மதம் மாறினதால் சொத்துரிமை போகாது என்று 1850-லேயே சட்டம் வந்துவிட்டது. இதெல்லாம் அன்றைக்கு எனக்கு முழுசாகத் தெரியாது என்பது உண்மை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பது அதைவிட உண்மை.

ரூத்தின் புஸ்தகம் 4-ஆம் அதிகாரத்தில் ஒரு விடுதலைப் பத்திரம் இருக்கிறது. காகிதத்துக்குப் பதிலாகப் பாதரட்சை. போவாஸுக்கு அந்த நிலத்தின்மேலும் ரூத்தின்மேலும் மனம் இருந்தது. ஆனாலும் ஊர்வாசலில் பத்து மூப்பர்களை உட்காரவைத்து, தனக்கு முந்தின சுதந்தரவாளியைக் கூப்பிட்டு, "முதல் உரிமை உனக்குத்தான்" என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசுகிறான். நிலம் என்ன, அதோடு வருகிற பொறுப்பு என்ன என்று எல்லாவற்றையும் சொல்கிறான். அந்த மனுஷன் முதலில் மீட்டுக்கொள்வேன் என்கிறான். போவாஸ் கோபிக்கவில்லை, வசனம் சொல்லவுமில்லை. பிறகு அவனே வேண்டாமென்று பாதரட்சையைக் கழற்றுகிறான். நான் அக்காவிடம், "மூன்றில் ஒரு பங்கு உன்னுடையது" என்று ஒருதரமாவது சொன்னேனா? சொல்லியிருந்தால் அவள் வேண்டும் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

நான் அன்றைக்கு வாசித்த பகுதியும் 7-ஆம் வசனத்தோடு நின்றுவிட்டது. 8-ஆம் வசனத்தில் பவுல் திரும்பி, சகோதரருக்கே அநியாயமும் நஷ்டமும் செய்கிறவர்களைக் கண்டிக்கிறார். 7 அக்காவுக்கு என்றால் 8 எனக்குத்தானே? நஷ்டத்தைச் சகித்துக்கொள் என்று கர்த்தர் ஒருவரிடம் தனியே பேசலாம். அந்த நஷ்டத்தால் லாபமடைகிறவன் அதை எடுத்துப் பேசினால் அது எந்த ஆவியின் சத்தம்?

அப்படியானால் பெண்பிள்ளைகள் எல்லாரும் கோர்ட்டுக்குப் போகவேண்டுமா என்று மூப்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வழக்கில் இருபது வருஷம் வீணாக்கின குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். விட்டுக்கொடுத்து சமாதானமாக வாழ்கிற சகோதரிகளையும் அறிவேன். அவர்களை நான் குறை சொல்லவில்லை. செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேக்கு முன்பாக நின்று பங்கு கேட்டபோது, அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே தீர்த்தார் (எண்ணாகமம் 27). ஆகவே கேட்கிறவளை ஆசைக்காரி என்று பிரசங்கபீடத்திலிருந்து சொல்ல எனக்கு அதிகாரமில்லை. முன்பு சொன்னதுண்டு. மன்னியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் அக்காவைப் போய்ப் பார்த்தேன். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் மூன்று வருஷக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, சட்டப்படி எனக்கு ஒரு பயமும் இல்லை. 10 சென்டுக்கு இன்றைய விலையைச் சொல்லி, மொத்தமாகக் கொடுக்க வழியில்லை, மாதாமாதம் தருகிறேன் என்றேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. "அன்னைக்கு நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா. நீ கேக்கவே இல்லையே, பிரசங்கம்ல பண்ணுனே" என்றாள். முதல் தவணையை வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள், அது எனக்கு ஆறுதலாயிருந்தது. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அவனுக்காக ஜெபியுங்கள்.

கேள்வி கேட்ட அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே ஆலோசனை சொல்வார்கள். அங்கே போய் வந்துவிட்டார்கள். தம்பிமார் வருகிற வியாழக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. துணைக்கு வரச் சொன்னார்கள், போகிறேன். அதிகாரி கேட்கும்போது அவர்கள் பார்க்கிற இடத்தில் நான் நிற்கமாட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.