விலக்கி வைத்தலும் தண்டித்தலும்

குற்றம் எண்பிக்கப்படும்வரை ஒருவர் சுற்றவாளியெனவே கொள்ளப்படல் வேண்டும் என்பது நீதி பற்றிய சிந்தனையின் அடிப்படைகளுள் ஒன்றாகும். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பும் 13(5) ஆம் உறுப்புரையில் இதனை ஏற்றுள்ளது. ஆயின், இக்கோட்பாடு முதன்மையாகக் கட்டுப்படுத்துவது தண்டிக்கும் அதிகாரம் படைத்த அரசினையேயாம். வழக்கு முடிவுறாத வீரர் ஒருவரைக் களமிறக்குவதா, விலக்கி வைப்பதா எனத் தீர்மானிக்க வேண்டிய விளையாட்டுச் சங்கம் அரசு அன்று. அது எவரையும் சிறையிலிடுவதில்லை. அவ்வாறாயின் அச்சங்கம் இக்கோட்பாட்டுக்கு எவ்வளவு தூரம் கட்டுப்பட்டது என்னும் வினா எழுகின்றது.

இவ்வினாவுக்கு எளிய விடைகள் இரண்டு கூறப்படுவதுண்டு. தீர்ப்பு வரும்வரை சங்கம் வாளாவிருத்தல் வேண்டும் என்பது ஒன்று. எவரை ஆடவிடுவது என்பது சங்கத்தின் சொந்த விடயம் என்பது மற்றையது. இரண்டும் போதியன அல்ல. பாரதூரமான குற்றச்சாட்டுக்கு உள்ளானவரை ஆயிரக்கணக்கானோரின் கரவொலிக்கிடையே களமிறக்குவதும் ஒரு செயலே. முறைப்பாட்டாளரின் கண்ணுக்கு அது வாளாவிருத்தலாகத் தோன்றாது. மறுபுறம், தொழின்முறை வீரருக்கு விளையாட்டே சீவனோபாயம். ஒரு விளையாட்டின் உயர்மட்டப் போட்டிகள் யாவும் ஒரே அமைப்பின் ஆளுகைக்குள் இருக்கையில், அங்கிருந்து விலக்கப்பட்டவர் வேறெங்குச் செல்வார்?

அவுஸ்திரேலியாவின் தேசிய றக்பி லீக் 2019 இல் இதற்கொரு விடை காண முயன்றது. 11 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம் ஒரு வீரர்மீது சாட்டப்படின், வழக்கு முடியும்வரை அவர் போட்டிகளில் ஆடமுடியாது. முழு ஊதியமும் வழங்கப்படும். கழகத்துடன் பயிற்சி பெறவும் தடையில்லை. இவ்விலக்கல் வீரர்மீது தவறு எதனையும் சுமத்துவதன்று என்றும் லீக் அறிவித்தது. பாலியற் குற்றச்சாட்டுக்கு 2018 டிசெம்பரில் உள்ளாகி, அதனை மறுத்து நின்ற ஜாக் டி பெலின் என்னும் வீரர் இவ்விதியை எதிர்த்துச் சமஷ்டி நீதிமன்றத்தை நாடினார். லீக்கின் நற்பெயருக்கும் வருவாய்க்கும் உண்மையான ஆபத்து இருந்தது என்பதை ஏற்ற நீதிபதி மெலிசா பெரி, 2019 மே மாதத்தில் அவரது வழக்கைத் தள்ளுபடி செய்தார். பின்னர் நிகழ்ந்தவை கருதற்பாலன. 2020 நவம்பரில் ஜூரிமார் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 2021 மே மாதத்தில் இரண்டாவது ஜூரி சபை ஒரு குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. ஏனையவற்றில் உடன்பாடு காணவில்லை. வழக்குத்தொடுநர் எஞ்சியவற்றைக் கைவிட்டனர். 27 வயதில் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீண்டும் களமிறங்கியபோது அவருக்கு வயது 30.

இது தண்டனையா? மெய்யியலாளர் ஜோயல் பைன்பேர்க் 1965 இல் எழுதிய கட்டுரையொன்று இங்கு துணைபுரியும். துன்பம் விளைவிப்பதனால் மாத்திரம் ஒன்று தண்டனை ஆகிவிடாது. சமூகத்தின் கண்டனத்தையும் அது உணர்த்துதல் வேண்டும் என்பது அவர் கருத்து. இவ்வளவுகோலின்படி, தவறு சுமத்தாத விலக்கல் தண்டனையன்று என வாதிடலாம். எனினும், ஒரு செயலின் பொருளைச் செய்பவரின் அறிவிப்பு மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அதனைக் காண்போரும் தீர்மானிக்கின்றனர்.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. பிறிஸ்ரல் நகரில் 2017 செப்டெம்பரில் நடந்த கைகலப்பை அடுத்து, பென் ஸ்ரோக்ஸ் ஆஷஸ் தொடரில் ஆடும் வாய்ப்பை இழந்தார். 2018 ஜனவரியில் அவர்மீது முறைப்படி குற்றஞ்சாட்டப்பட்டது. அதன் பின்னரே, காலவரையறையின்றி விலக்கி வைத்தல் நியாயமன்று எனக் கூறிக் கிறிக்கெற் சபை அவரை மீண்டும் தெரிவுக்கு உரியவராக்கியது. ஆகஸ்டில் நீதிமன்றம் அவரைச் சுற்றவாளியென விடுவித்தது. ஆட்டத்தின் நற்பெயருக்கு ஊறு விளைவித்தமைக்காக டிசெம்பரில் ஒழுக்காற்று ஆணைக்குழு 8 போட்டிகளில் ஆடத் தடை விதித்தபோது, முன்னர் அவர் தவறவிட்ட போட்டிகளே அத்தடையாகக் கணிக்கப்பட்டன. விசாரணைக்கு முன்னர் வெறும் விலக்கலாயிருந்தது பின்னர் தண்டனையாக எண்ணப்பட்டது. மேலும், சாட்டு எழுமுன் விலக்கி, சாட்டு எழுந்தபின் சேர்த்தமை சபையின் தற்றுணிபில் தங்கியிருந்தது. அத்தகைய தற்றுணிபு, புகழ் குறைந்த வீரருக்கும் இதே சலுகை கிடைத்திருக்குமா என்ற ஐயத்துக்கு என்றும் இடமளிக்கும்.

இலங்கை வீரர் தனுஷ்க குணதிலக்க 2022 நவம்பரில், உலகக் கிண்ணப் போட்டிகளின்போது சிட்னியில் கைதானார். மறுநாளே இலங்கைக் கிறிக்கெற் நிறுவனம் எல்லா வகைப் போட்டிகளிலிருந்தும் அவரை இடைநிறுத்தியது. 2023 செப்டெம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒக்ரோபரில் தடை நீக்கப்பட்டது. ஏறத்தாழப் பதினொரு மாதங்கள் கழிந்திருந்தன. ‘தடை’ என்னும் சொல்லைக் கேட்ட பொதுமக்களுள் எத்தனை பேர் அதனை முன்னெச்சரிக்கையாக மாத்திரம் கருதியிருப்பர்?

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். குற்றஞ்சாட்டப்பட்டவுடன் தானே இயங்கும் விதி, வீரரின் எதிர்காலத்தைப் பொலிசாரின் கையில் ஒப்படைப்பதாகாதா? இது வலுவான மறுப்பே. குற்றஞ்சாட்டுவதற்கு வேண்டிய சான்று, குற்றத்தை எண்பிக்க வேண்டிய சான்றிலும் மிகக் குறைந்தது. எனினும், சான்றுகளை வரவழைக்கும் அதிகாரமற்றதும், வீரரின் திறமையிலும் அனுசரணையாளரின் பணத்திலும் நலன் கொண்டதுமான சங்கம் தானே இரகசியமாக விசாரித்து முடிவெடுப்பது இதனினும் ஆபத்தானது. முன்கூட்டியே எழுதப்பட்டு எல்லோருக்கும் ஒப்பப் பொருந்தும் விதி, வீரரைக் குற்றவாளி என்றும் சொல்வதில்லை. முறைப்பாட்டாளரைப் பொய்யர் என்றும் சொல்வதில்லை.

ஆயின், அவ்விதி காப்பது சங்கத்தின் நற்பெயரை. இழப்பது வீரரின் இளமையை. தன் நலனுக்காகப் பிறரை இழப்பை ஏற்கச்செய்யும் எவரும் அவருக்குக் கடன்பட்டவராவர். எனவே விலக்கற் காலத்து ஊதியம் கருணையன்று, கடனாகும். வழக்கு நீளும்போது காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்தலும், விடுவிக்கப்பட்டவரை விலக்கியபோது செய்த அதே பகிரங்க அறிவிப்போடு மீள ஏற்றலும் அக்கடனின் பகுதிகளேயாம். இவற்றைச் செய்த பின்னும் கழிந்த ஆண்டுகள் திரும்பக் கிடைப்பதில்லை. ஆதலால், விலக்குவதற்குத் தனக்குள்ள உரிமையை மெய்ப்பித்துவிட்ட சங்கமும், தான் எவருக்கும் தீங்கிழைக்கவில்லை எனக் கூறிக்கொள்ளும் உரிமையைப் பெற்றுவிட்டதாகாது.