உளூச் செய்த தண்ணீர் எங்கே போகிறது?

உளூவின் ஃபர்ளுகளையும் சுன்னத்துகளையும் சிறு வயதிலேயே மனனம் செய்துவிடும் நாம், உளூச் செய்த தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்று கேட்பதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர் தண்ணீரில் உளூவையும், அதைப்போல் நான்கு மடங்கான ஒரு ‘ஸாஉ’ அளவில் குளிப்பையும் முடித்துக்கொண்டார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டபடியே தலைக்கு மஸ்ஹு செய்கிறோம். அந்தத் தண்ணீர் அண்டை வீட்டு வாசலில் தேங்கிக் கொசுவை வளர்க்கிறது. அளவோடு செலவழித்தவர்கூட, புழங்கிய தண்ணீரைப் பிறர் வாசலில் விட்டுவிட்டால் அவர் பொறுப்பு நீங்கிவிடுமா?

ஜோர்தான் நாட்டில் ஆளுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் நன்னீர் 100 கன மீட்டருக்கும் குறைவு. அங்கே தஃபீலா வட்டாரத்தில், 2000-ஆம் ஆண்டையொட்டி, வீட்டில் புழங்கிய தண்ணீரைப் பீப்பாய்களிலும் சரளைக்கல் நிரப்பிய பள்ளங்களிலும் தெளியவைத்து ஜைத்தூன் மரங்களுக்குப் பாய்ச்சத் தொடங்கினார்கள். அத்தகைய சரளையில் நாணலும் கோரையும் நட்டால் அது ஒரு சிறு சதுப்பு நிலமாகிவிடும். எண்ணெயும் கசடும் முதலில் ஒரு தொட்டியில் தங்கிவிட வேண்டும். பிறகு, கசியாதபடி பூசிய முழங்கால் ஆழப் பாத்தியில், சரளையின் மேல்மட்டத்துக்குக் கீழாகவே தண்ணீர் மெல்ல நகர்கிறது. கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. தண்ணீர் வெளியே தெரியாததால் கொசுவுக்கும் இடமில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: வெயில் கடுமையான ஊரில் நாணலே ஒரு பங்கைக் குடித்துவிடும், எஞ்சியதில் உப்புக் கூடும். தேவைக்கு மேல் பெரிய பாத்தி நஷ்டமே.

“அது நஜீஸ் அல்லவா?” என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். தயக்கம் நியாயமானதே. ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஃபர்ளான உளூவுக்குப் பயன்பட்ட சிறிதளவுத் தண்ணீர் முஸ்தஃமல் ஆகும். அது தூய்மையானது, ஆனால் மீண்டும் தூய்மை செய்ய உதவாது. நாம் மரத்துக்கு உளூச் செய்துவைக்கப் போவதில்லையே! குழந்தையின் மூத்திரத் துணி அலசிய தண்ணீர் வேறு. அதைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுவது நலம்.

சாக்கடை நீரைப் பற்றியே 1978-இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை ஆராய்ந்தது. நஜீஸின் சுவை, நிறம், வாடை மூன்றும் அறவே நீங்கும்படி சுத்திகரிக்கப்பட்டால் அந்நீர் தூய்மையானதே என்று முடிவு கூறியது. உடல்நலம் கருதி, குடிப்பதை மட்டும் தவிர்ப்பது மேல் என்றது. வீட்டுப் பாத்தி அந்த அளவுக்குச் சுத்திகரிக்கும் என்று நாம் நம்பிவிடலாகாது. ஆகவே அந்தத் தண்ணீரில் உளூச் செய்யச் சொல்லவில்லை. பச்சையாகத் தின்னும் கீரைக்கும் வேண்டாம். தென்னைக்கும் பேரீச்சைக்கும் விடலாம்.

வீட்டில் இடமில்லாதவர்கள் பள்ளிவாசலைப் பார்க்கட்டும். ஐவேளையும் உளூச் செய்யும் இடத்திலிருந்து வரும் தண்ணீரில் எண்ணெய் இல்லை, சோப்பும் குறைவு. தெளியவைக்க அதைவிட எளிதான தண்ணீர் வேறு எங்கே கிடைக்கும்? அதுவும் இன்று பல ஊர்களில் சாக்கடையில்தான் விழுகிறது.